மச்சானுக்குச் சனி, எனக்குக் கார்

ஷோரூமுக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கி வர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான். பத்து மணிக்குப் போனால் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து காபி குடிக்கலாம் என்று நினைத்தேன்.

கார் என் பேரில் இருந்தது. அதை மச்சான் ஏழுமலை பேருக்கு மாற்ற வேண்டும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாங்கும் ஆசையும் இருந்ததில்லை. திருவண்ணாமலையில் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஷேர் ஆட்டோ போகிறது. பிறகு என் பேரில் கார் எப்படி வந்தது?

ஆசை ஏழுமலையுடையது. என் மனைவி செல்வியின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கிறவன். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கார் வாங்கத் துணிந்த முதல் ஆள். ஆறு மாசம் காத்திருந்தால்தான் கிடைக்கும் என்ற புது மாடலைப் பார்த்து வைத்திருந்தான். புக் பண்ணக் கிளம்பிய அன்றைக்கு ஜோசியர் குறுக்கே விழுந்தார்.

"ஏழரைச் சனி இன்னும் வுடல. வண்டி வாகனம் எதுவும் உம்பேர்ல வேணாம்."

ஏழுமலை நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, உங்க பேர்ல எடுத்துடலாம். பணம் என்னுது. வண்டி வந்து ரெண்டு மூணு மாசத்துல சனி போயிடும். அப்ப எம்பேருக்கு மாத்திக்கறேன். ஒரு கையெழுத்துதான்!"

"சனி என்னைப் பிடிச்சுக்காதா?"

"உங்க ஜாதகத்தையும் காட்டிட்டேன் மாமா. உங்களுக்கு இனிமே புதுசா ஒண்ணும் ஆகறதுக்கு இல்லன்னுட்டாரு."

இது ஆறுதலா, அவமானமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் செல்வி பேனாவை எடுத்து நீட்டிவிட்டாள்.

வண்டி வந்தது. ஷோரூமில் ஒரு கட்டுத் தாளை முன்னால் வைத்தார்கள். "இங்க ஒண்ணு சார், இங்க ஒண்ணு, இதுக்குப் பின்னாடி ஒண்ணு." பத்திரிகை ஆபீசில் அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே காலம் தள்ளியவன் நான். அன்றைக்கு ஒரு வரி படிக்கவில்லை. போட்டோவுக்காக அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன்.

அங்கிருந்து நேரே கோபுரத்துக்கு எதிரே வண்டிப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்றார் ஐயர்.

ஏழுமலை அவர் காதருகே குனிந்தான். "மாமா பேருக்கே பண்ணுங்க சாமி. எம்பேர சத்தமா சொல்லிடாதீங்க."

சனி பகவான் காதில் விழுந்துவிடுமாம்!

பழம் நசுங்க வண்டி கிளம்பியது. முன்னால் ஏழுமலை ஓட்டினான். பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். வினை அந்தப் பின் சீட்டில்தான் ஆரம்பித்தது.

கீழ்பென்னாத்தூர் டீக்கடை வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்தார்கள். யார் பேரில் வண்டி என்றும் விசாரித்துவிட்டார்கள்.

"இன்னா ஏழுமலை, அக்கா வூட்டுக்காருக்கு டிரைவரா பூட்டியா? சம்பளம் தராரா, இல்ல சோறு மட்டுமா?"

அடுத்த நாள் தனியாக ஓட்டிக்கொண்டு போனபோது, "ஓனரைக் கேட்டுனுதான் எடுத்தாந்தியா?" என்றார்களாம்.

ஏழுமலை தினமும் போன் செய்தான். "நாலு பேரு பாக்கணும்னுதான் மாமா வண்டி வாங்கினேன். நாலு பேரும் பாக்கறாங்க. ஆனா உங்களைத்தான் பாக்கறாங்க."

என் தெருவில் வேறு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்வீட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு வாரம் கழித்து, "சார், வண்டியை எங்க நிறுத்தறீங்க? கண்லயே படலையே?" என்றார்.

"கீழ்பென்னாத்தூர்ல."

"அவ்ளோ தூரத்துலயா?"

"இங்க இடம் கம்மி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார். நானும் அதே ஆட்டோவில் ஏறினேன்.

ஒரு வழியாகச் சனி விலகியது. மறுநாளே ஏழுமலை வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். வாரண்டியில் பேர் மாற்ற ஷோரூமில் முதலில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு, மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகலாம் என்று திட்டம். செல்வியும் கூடக் கிளம்பினாள்.

ஷோரூம் மேனேஜர் ஓர் இளம்பெண். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஃபைலைப் பிரித்து ஒரு தாளை உருவினார்.

"ஒரு வருஷத்துக்கு இந்த வண்டியை விக்கறதோ, வேற பேருக்கு மாத்தறதோ கூடாது சார். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"நானா?"

நான்தான். என் கையெழுத்து. அடியில் இரண்டு கோடு இழுத்து, மிக அழகாகப் போட்டிருந்தேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மாடலுக்கு ஆட்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். சிலர் புக் பண்ணி வாங்கி, மறு வாரமே கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்தத் தாள். மீறினால் இலவச சர்வீஸ் கிடையாது, கூடுதல் வாரண்டியும் ரத்து.

வாரண்டி ரத்து என்றதும் ஏழுமலை நெஞ்சில் கை வைத்தான். சீட்டு மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்க மனசு வராதவன் அவன்!

"நான் விக்கலம்மா. என் மச்சானுக்குத்தான் குடுக்கறேன்" என்றேன்.

"எல்லாரும் மச்சான்னுதான் சார் சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர் மூணு மச்சானைக் கூட்டிட்டு வந்தாரு."

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, இவன் என் கூடப் பொறந்தவன்! மூக்கைப் பாரு, ரெண்டும் ஒண்ணா இருக்கா, இல்லையா?"

அக்காவும் தம்பியும் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பி நின்றார்கள். மேனேஜர் பார்த்தார். சர்வீஸ் பக்கத்திலிருந்து இரண்டு மெக்கானிக்குகளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். புதுக் கார் பார்க்க வந்த ஒரு குடும்பமும் பார்த்தது.

"ஒத்துப்போவுது மேடம்" என்றார் ஒரு மெக்கானிக்.

"மூக்கு சரிதாங்க. தாள்ல மூக்கைப் பத்தி எதுவும் இல்லையே" என்றார் மேனேஜர்.

நான் கடைசி முயற்சியாக, "இதுல விதிவிலக்கே கிடையாதா?" என்றேன்.

தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். ஓனர் காலமாயிட்டா உடனே மாத்தலாம்."

ஏழுமலை என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சந்தையில் மாடு பார்த்துப் பழகிய கண், அவ்வளவுதான்.

"ஆனா வாரிசுக்குத்தான் மாறும்" என்றார் மேனேஜர்.

"அப்போ எனக்கா வரும்?" என்றாள் செல்வி. குரலில் இருந்த ஆர்வத்தை அவள் இன்னும் கொஞ்சம் மறைத்திருக்கலாம்.

நான் எழுந்தேன். "போலாம்" என்றேன்.

திரும்பும்போது ஏழுமலை முகம் தொங்கிவிட்டது. "இன்னும் பத்து மாசம் உங்க டிரைவராவே ஓட்டணுமா மாமா? ஊருல தலை காட்ட முடியல."

எனக்கே பாவமாக இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

இரண்டு நாள் கழித்து என் போனுக்குப் போலீசிடமிருந்து ஒரு செய்தி. என் வாகனத்தை ஓட்டியவர் சீட் பெல்ட் போடவில்லை, அபராதம் கட்டவும். கூடவே படம். வெள்ளைச் சட்டையில் ஏழுமலை, கல்யாண போட்டோவில்கூட அவ்வளவு தெளிவாக விழுந்ததில்லை. எனக்கு வாழ்க்கையில் வந்த முதல் அபராதம்!

உடனே அவனுக்குப் போன் செய்தேன்.

"உங்க பேர்லயா வந்திருக்குது மாமா?"

"ஆமா."

"எம்பேரு எங்கயும் இல்லையா?"

"இல்ல."

அவன் குரல் மாறியது. இத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு அதில்.

"பரவால்ல மாமா. யோசிச்சுப் பாத்தா, பேரு மாத்தறதுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பௌர்ணமிக்கு, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் வந்தது. அடுத்த வாரம் ஒருவழிப் பாதையில் எதிரே புகுந்ததற்கு வந்தது. ஒன்றுவிடாமல் என் போனுக்கே வந்தன. டீக்கடையில் யாராவது கிண்டல் செய்தால், "ஆமாப்பா, வண்டி மாமாவுது. நான் ஓட்டறவன்தான்" என்று இப்போது அவனே முந்திக்கொள்கிறானாம்.

ஷோரூமுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்து, அந்த ஒரு வருஷம் என்றைக்கு முடிகிறது என்று கேட்பது இப்போது நான்தான்.