எது வென்றாலும் நூறு டொலர்

"சிவப்புக்கு ஆயிரம் டொலரா?" என்று கேட்டாள் தர்சினி. சுகிர்தனின் கைபேசி அவள் கையில் இருந்தது.

இனிமேல் பந்தயமே கட்டுவதில்லை என்று போன வருடம்தான் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். போதாததற்கு, அது அவளுடைய தங்கையின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போக வைத்திருந்த விமான ரிக்கற் காசு.

கேட்டால் இது பந்தயமே இல்லை, கணக்கு என்பான். இந்த ஊர்க் கால்பந்தான ஃபுட்டியின் இறுதி ஆட்டத்துக்கு ஒரு பந்தயக் கொம்பனி சிவப்பு அணி வென்றால் கூடக் காசு தருகிறது, இன்னொன்று நீலம் வென்றால். இரண்டிலும் ஆயிரம் ஆயிரம் போட்டால், எது வென்றாலும் இரண்டாயிரத்து நூறு திரும்பி வரும். நூறு டொலர் சும்மா. ஆனால் அதை விளக்கப் போனால் மற்ற ஆயிரமும் வெளியே வந்துவிடுமே! மனுசன் சிவப்புக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் தர்சினி கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய், சிவப்பு வென்றால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

தேங்காய் ஒன்று மூன்று டொலர். நூறு டொலர் லாபத்துக்கு முந்நூற்றிருபத்துநாலு டொலருக்குத் தேங்காயா? சரி, தேங்காய்ச் செலவுக்கும் சேர்த்துக் கட்டுவோம் என்று சுகிர்தன் சிவப்பில் இன்னும் முந்நூறு போட்டான். போட்ட பிறகுதான் உறைத்தது, நீலம் வென்றால் அந்த முந்நூறும் அம்போ.

பயத்தில் எல்லாவற்றையும் தர்சினியிடம் கொட்டினான். கடதாசியில் கோடு கீறி விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நீலத்திலயும் எங்கட ஆயிரம் கிடக்கு?"

"ஓம்."

அடுத்த நாள் நீலத்துக்கும் ஒரு நூற்றெட்டு நேர்ந்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை நீலம் வென்றது. பந்தயத்தில் போன இருநூறு, தேங்காயோடு சேர்த்து ஐந்நூற்றிருபத்துநாலு டொலர் நட்டம். தங்கச்சியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று தர்சினி அழுதாள். சுகிர்தனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலியாணம் வரைக்கும் ஞாயிறும் வேலைக்குப் போவதாக ஒப்புக்கொண்டான்.

தேங்காய் வாங்க ஸ்பிரிங்வேலில் யோகா அன்ரியின் கடைக்குப் போனான். அவன் வாய் திறக்குமுன்னே நூற்றெட்டும் சாக்கில் கட்டித் தயாராக இருந்தது.

"நீலம் வெல்லுமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமா அன்ரி?"

"எனக்கு ஃபுட்டி ஒண்டும் விளங்காது தம்பி," என்றார் யோகா அன்ரி காசை எண்ணிக்கொண்டே. "ரெண்டு பக்கத்துக்கும் நேர்த்தி வையெண்டு தர்சினிக்குச் சொன்னதே நான்தான்."