தறிச் சத்தம் நின்ற நாள்

அன்பு மைத்துனர் ஈஸ்வருக்கு, ஜலகண்டாபுரத்தை அடுத்த நம் ஊரிலிருந்து உன் அக்கா புருஷன் சந்திரசேகர் எழுதுவது. இங்கு நானும் உன் அக்கா வசந்தாமணியும் நலம். அங்கு உன் நலமும், நர்மதா, குழந்தைகள் நலமும், உங்கள் பெரிய டிவியின் நலமும் அறிய ஆவல்.

டிவியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உன் வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு நல்ல படமாகப் போடக் கூடாதா? ஏதோ பழைய நாவலைப் படமாக்கினார்களாம், உலகமே கொள்ளைநோயில் அழிந்து ஒரே ஒரு ஆள் மிச்சம், காலியான நகரத்தில் தன்னந்தனியாகக் காரோட்டித் திரிகிறான். "கற்பனைதானுங்க மாமா" என்றாய். மறுநாள் காலை ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், தறிச் சத்தம் இல்லை. கரண்ட் போனாலும் யாராவது ஜெனரேட்டர் வைத்து ஓட்டுகிற ஊர். டீக்கடை அடுப்பு ஜில்லென்று கிடக்கிறது, எல்லா வாசலிலும் குறுக்கே வேலமுள், ஆடு கோழி ஒன்றுமில்லை, என்னைக் கண்டால் குரைக்கிற நாயையும் காணோம், நம் வீட்டிலும் பூட்டு. "வசந்தா" என்று கூப்பிட்டேன். தெருக்கோடி வரை போய் என் குரலே திரும்பி வந்தது. உனக்குத்தான் தெரியுமே, ஒரு மாதமாக அவளுக்கும் எனக்கும் பேச்சில்லை. உன் மாடிக்குக் குடிவருவோம் என்கிறாள், பிறந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்கிறேன். இனி அந்தச் சண்டையைப் போடக்கூட ஆளில்லையே என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நடுத்தெருவில் நின்று அழுதேன்.

அப்போதுதான் எதிரே ராமாயி அக்கா வீட்டுக்குள்ளிருந்து குரல் கேட்டது. "வாரேன் சாமி, உக்காருங்க." போன உயிர் வந்தது. படியில் உட்கார்ந்தேன். வெயில் உச்சிக்கு ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஏரிப் பக்கம் புகை தெரிய, அங்கே ஓடினேன். ஊரே உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிறது. ஊரில் அம்மை போட்டால் ஒருநாள் எல்லோரும் வாசலில் முள்ளை வைத்து அடைத்து, ஆடுமாடோடு வெளியேறி, ஊரை மாரியம்மனிடம் விட்டுவிட்டுப் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். மின்வாரிய வேலையில் ஊர் ஊராகத் திரிந்த எனக்கு அது மறந்தே போயிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் சொன்னார்களாம். தினமும் பூப்படம் போடுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு அதிலிருந்து விலகியவன் நான். உன் அக்கா தட்டை நீட்டி, "ஏனுங்க, சேலத்துலயே இருப்பீங்கன்னு நெனச்சேன். மொகமெல்லாம் என்னங்க இப்புடி வேர்த்திருக்குது?" என்றாள். எங்கள் சண்டை அந்தத் தட்டோடு முடிந்தது, அவளும் மாடிப் பேச்சை விட்டுவிட்டாள்.

ஆகவே, மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடு. பிறந்த ஊரில் எனக்கென்ன பயம்? படுக்கையில் கிடக்கும் ராமாயி அக்காவை மட்டும் உள்ளே விட்டுப்போனது பெரிய தப்பு. ஊர்ப் பெரியவர் சண்முகவேலைப் பார்த்து இன்றே நறுக்கென்று கேட்கப் போகிறேன். குழந்தைகளை மாரியம்மன் நோய்நொடி இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
சந்திரசேகர்

பி.கு.: கேட்டுவிட்டு வந்தேன். ராமாயி அக்காவைத்தான் கட்டிலோடு தூக்கி, விடியும் முன்பே முதல் ஆளாக ஏரிக்குக் கொண்டுபோனார்களாம். "அன்னைக்கு ஊருக்குள்ள அம்மனைத் தவிர ஆருங்க இருப்பா?" என்று சண்முகவேல் சிரிக்கிறார். மாடியை யாருக்கும் கொடுத்துவிடாதே. நாளை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறோம், உன் அக்கா மூட்டை கட்டிவிட்டாள். வாரேன் என்று சொன்ன ஆள் இன்னும் வரவில்லை.