சிவப்பு வராத நான்கு நாள்

அன்று காலை பத்தேகால் மணிக்குக் கூட்ட அறையில் இருந்தவர்கள் விவரம்: மேலாளர் ஒருவர், வெல்டர் ஒருவர், பெயிண்டர் ஒருவர், ஃபிட்டர் ஒருவர், வாசல் காவலர் ஒருவர், தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு அனுப்பப்பட்ட மென்பொருள்காரர் ஒருவர், கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர். ஆக ஏழு பேர். நாற்காலி ஆறு.

அது மடக்கு நாற்காலி செய்யும் தொழிற்கூடம். பக்கத்துக் கிடங்கில் அறுநூற்று நாற்பது நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஆனால் விற்பனைப் பொருளில் ஊழியர் அமர்வதற்குத் தலைமை அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் கேட்ட அனுமதி இன்னும் பரிசீலனையில் இருந்தது. ஆகவே அந்த அறுநூற்று நாற்பதையும் எண்ணி வைத்திருந்த கிடங்கம்மா நின்றுகொண்டிருந்தார்.

நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. அவர் மனம் வேறு இடத்தில் இருந்தது. வரும் பதின்மூன்றாம் தேதி அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மறுநாளிலிருந்து நான்கு நாளைக்கு, நாளொன்றுக்கு ஆறு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். மொத்தம் இருபத்து நான்கு தடவை. "மத்தவங்க விட்டா பாதி கன்னத்துலதான் போகும்டி. நீ வந்தாதான் கணக்கா விடுவே" என்று அக்கா சொல்லிவிட்டாள். வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் கிடங்கம்மா எடுத்த விடுப்பு ஆறு நாள். எது தீரப்போகிறது என்பது டப்பாவைத் தூக்கிப் பார்த்தே சொல்கிற அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்பதால், விடுப்பு என்றாலே மேலாளர் கையைப் பிசைவார்.

அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது என்றார் மென்பொருள்காரர்.

"இனிமே யாரும் டப்பாவைத் தூக்க வேணாம். நாலே நாலு கேள்விக்குப் பதில் சொன்னா போதும். எந்த எண்ணைப் பார்க்கணும்? எவ்வளவுக்குக் கீழ போனா எச்சரிக்கணும்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்? யாருக்குச் சொல்லணும்? குறைஞ்சா திரை சிவப்பாகும், போன்ல அலர்ட் வரும். இல்லன்னா பச்சை."

"எல்லா எண்ணையும் பார்க்கட்டும்" என்றார் மேலாளர். "நிமிஷத்துக்கு ஒரு தடவை. எல்லாருக்கும் சொல்லட்டும். இதுல சிக்கனம் கூடாது."

"கீழ எல்லை சார்?"

"அதை அந்தந்தப் பிரிவுக்காரங்க சொல்லட்டும்."

ஃபிட்டர் கிடங்கம்மாவைப் பார்த்தார். "ரிவெட் முந்நூறு போதும்ங்க, ரெண்டு நாள் வேலைக்கு வரும்" என்றார் கிடங்கம்மா மெதுவாக.

பெயிண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரிவெட்டுக்கே முந்நூறா? அப்ப பெயிண்டுக்கு ஐந்நூறு லிட்டர் போடுங்க."

"அண்ணே, நம்ம தொட்டி இருநூறு லிட்டர்தானே பிடிக்கும்?"

"பிடிக்கிறது வேற, மரியாதை வேறம்மா. எழுதுங்க தம்பி, ஐந்நூறு."

வெல்டர் விடுவாரா? வெல்டிங் கம்பி ஆயிரம் கிலோ என்றார். காவலருக்குப் பொருள் ஒன்றும் கிடையாது. யோசித்து, வாசலில் வருகிறவர்கள் நாளைக்கு ஐம்பது பேர் என்றார். வருகிறவர் மூன்று பேர்தான், அதில் ஒருவர் தபால்காரர்.

"ஆளுங்களுக்கும் எல்லை வைக்கலாம் சார்" என்றார் மென்பொருள்காரர்.

"பிரமாதம். பிரிவுக்கு ஒண்ணு. உங்களையும் சேர்த்துக்கங்க."

மறுநாள் எட்டு மணிக்குத் தொழிற்கூடம் முறைப்படி எச்சரிக்கப்பட்டது. இருநூறு லிட்டர் தொட்டியில் ஐந்நூறு லிட்டர் இல்லை என்று நிமிடத்துக்கு ஒரு தடவை சொன்னதில், எட்டு மணி நேரத்தில் பெயிண்ட் மட்டும் நானூற்று எண்பது தடவை. ஏழு போனுக்கு மூவாயிரத்து முந்நூற்று அறுபது. கிடங்கம்மா நோட்டில் குறித்துக்கொண்டார். பெயிண்டர் பூரித்துப்போய் வெல்டரிடம், "எங்க பிரிவுதான்யா முதல்ல நிக்குது" என்றார்.

எல்லாரும் எல்லா அலர்ட்டையும் எடுத்துக்கொண்டு கிடங்குக்கு ஓடி வந்தார்கள். "இது நிஜமா பாரும்மா." அவர் போய்ப் பார்த்துச் சொன்னார். அன்று நடந்த நடையில் செருப்பு வார் அறுந்தது. ரிவெட் உண்மையிலேயே குறைந்தபோது வந்த அலர்ட்டை யாரும் கவனிக்கவில்லை. டப்பாவைத் தூக்கிப் பார்த்து அவரே சொல்லி அனுப்பினார்.

இந்த நிலையில் கிடங்கம்மா விடுப்புக்கு விண்ணப்பித்தார். பதினான்கு முதல் பதினேழு வரை, நான்கு நாள். திரை உடனே சிவந்தது. "கிடங்கில் உள்ள ஆட்கள் ஒன்று. எல்லை ஒன்று. விடுப்பு அளித்தால் எல்லை மீறப்படும்."

"நான் குடுக்க மாட்டேன்னு சொல்லலம்மா" என்றார் மேலாளர். "திரை சொல்லுது."

"அந்த ஒண்ணு யார் சார் போட்டது?"

"நான்தான் போட்டேன். ஆனா போட்ட பிறகு அது என் கையில இல்லையே."

"எங்க அக்காவுக்குக் கண்ணு சார்."

"கண்ணுக்கு எல்லை வைக்கலயேம்மா! வெச்சிருந்தா திரைக்குத் தெரிஞ்சிருக்கும்."

அக்காவிடம் என்ன சொல்வது என்று அவர் இரண்டு நாள் தவித்தார். மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் கிளையின் சிவப்பு மிகுந்த கவலை அளிக்கிறது. ஏழு நாட்களுக்குள் பச்சையாக்கி அறிக்கை அனுப்பவும்."

மேலாளருக்கு வியர்த்தது. மறுபடியும் கூட்டம். ஏழு பேர், ஆறு நாற்காலி. கிடங்கம்மா தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். முப்பத்தொரு பொருளுக்கும் எது எவ்வளவு இருந்தால் போதும் என்று அளவாக எழுதியிருந்தார். கடைசி வரி: கிடங்கில் ஆள், ஃபிட்டர் மாற்றாகப் பார்த்துக்கொண்டால், நான்கு நாளைக்குத் தேவையில்லை.

மேலாளர் படித்தார். "இப்படி வெச்சா அலர்ட் எத்தனை வரும்?"

"மூணு சார்."

"ஏன் மூணு?"

"மூணு பொருள் நிஜமாவே குறையுதுங்க."

"நிஜத்தை எல்லாம் அறிக்கையில கலக்காதம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, ஒரு அலர்ட்டும் வராம இருக்க எல்லையை எங்க வைக்கணும்?"

"சைபர்ல வைங்க சார். சைபருக்குக் கீழ எதுவும் போகாது."

"அப்புறம் என்ன? பெயிண்ட் சைபர். கம்பி சைபர். உற்பத்தி சைபர். ஆளுங்க, எல்லாரும் சைபர்."

"உங்களுக்கும் சைபரா சார்?"

மேலாளர் அடிபட்டவர் போலப் பார்த்தார். "நான் வரலன்னா யாருக்குமே தெரியக் கூடாதா? எனக்கு மட்டும் ஒண்ணு இருக்கட்டும்."

திரை பச்சையானது. அனைவரும் கைதட்டினார்கள். கிடங்கம்மா கைதட்டவில்லை. கிடங்குக்குப் போய், விண்ணப்பத்தை மறுபடியும் போட்டார். ஒரு நொடிதான். "அனுமதிக்கப்பட்டது. தங்கள் விடுப்பால் எந்தக் குறையும் ஏற்படாது."

படிக்கச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் நான்கு நாள் நான்கு நாள்தான். ஊருக்குக் கிளம்பும் மகிழ்ச்சியில் ஃபிட்டரிடம் சொன்னார். சொன்னது தப்பு. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வெல்டர், பெயிண்டர், ஃபிட்டர், காவலர் நால்வரும் அதே நான்கு நாளுக்குப் போட்டு, நால்வருக்கும் கிடைத்தது. காவலர் காரணம் என்ற இடத்தில் "தூக்கம்" என்று எழுதியிருந்தார். மென்பொருள்காரரும் சோதனைக்காக ஒன்று போட்டுப் பார்த்தார். சோதனை வெற்றி பெற்றதால் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

கடைசியாக மேலாளரும் போட்டார். திரை சிவந்தது. "எல்லை மீறப்படும்." மென்பொருள்காரருக்குப் போன் செய்தார். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அக்கா வீட்டில் முதல் நாள் ஆறு சொட்டும் கன்னத்தில் போகாமல் கண்ணில் விழுந்தன. இரண்டாம் நாள் மேலாளர் போன் செய்தார்.

"அம்மா, வாசல் கதவைப் பூட்டுறது எப்படிம்மா?"

"மேல தூக்கி இழுக்கணும் சார். வேலை எப்படி நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல. ஆனா பச்சையா இருக்கு."

மூன்றாம் நாள் குரலில் தெம்பு இருந்தது. "தலைமை அலுவலகத்துல நம்மளைப் பாராட்டிட்டாங்கம்மா! ஒரு சிவப்புகூட இல்லாத ஒரே கிளை நாமதானாம். நம்ம முறையை எல்லாக் கிளைக்கும், தலைமை அலுவலகத்துக்கும்கூட இன்னைக்கே போடச் சொல்லி உத்தரவு. நாளைக்கு நாலு மணிக்கு மூணு பேர் வந்து கேடயம் தர்றாங்க."

"யாருடி அது, நச்சரிக்கிறது?" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடி.

"எங்க மேலாளர்க்கா. கேடயம் வாங்கப் போறாராம்."

"எதுக்கு?"

"ஒண்ணும் நடக்காததுக்கு."

"சிரிப்பு மூட்டாதடி, டாக்டர் குலுங்கக் கூடாதுன்னிருக்கார்."

நான்காம் நாள் நாலேகாலுக்குப் போன் அடித்தது. கிடங்கம்மா இருபத்திரண்டாவது தடவை மருந்தை விட்டு, புட்டியை மூடிவிட்டுத்தான் எடுத்தார்.

"வந்துட்டாங்களா சார்?"

"வரலம்மா." மேலாளர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "தலைமை அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன், எடுக்க ஆளில்ல. கடைசியில திரையில பதில் வந்துது. 'மூன்று விருந்தினர்களின் விடுப்பும் அனுமதிக்கப்பட்டது. எந்தக் குறையும் ஏற்படாது.'"

கிடங்கம்மா சிரிப்பை விழுங்கினார். "இப்ப எங்க சார் இருக்கீங்க?"

"கூட்ட அறையிலதான். யாரும் நிக்கக் கூடாதுன்னு எல்லா நாற்காலியையும் நானே துடைச்சு வெச்சேன்."

போனை வைத்தபின், பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: கூட்ட அறையில் பேர் ஒன்று. நாற்காலி ஆறு. மீதி ஐந்து.