கண்ணால் கேட்கும் காப்பகம்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் எங்கள் ஒலிக் காப்பகம் சத்தத்தை ஒழித்ததற்கும் நடுவே உலகத்தில் சொல்லிக்கொள்ளும்படியாக எதுவும் நடந்துவிடவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தாழ்மை என்பது ஒரு மரியாதைக்காகச் சொன்னது. நான் அந்தக் காப்பகத்தின் துணை இயக்குநர். வானொலி நிலையம் சேர்த்து வைத்திருந்த பழைய இசைத்தட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது.

இசைத்தட்டு ஒரு தொல்லை பிடித்த ஜன்மம். தூசி சேர்க்கும், கீறும், முள்ளை வைத்தால் சருகில் நடப்பது போலச் சரசரக்கும். அந்தச் சரசரப்பைப் போக்கக் கம்ப்யூட்டரில் 'சுத்திகரிப்பு' என்றொரு வசதி உண்டு. கொஞ்சம், நிறைய, மிக நிறைய என்று திருப்பலாம். கொஞ்சம் என்பதெல்லாம் கொள்கையில் உறுதி இல்லாதவர்களுக்கு. நாங்கள் கடைசிவரை திருப்பி வைத்தோம். விளைவாக, கீறல் சத்தம் துளியும் இல்லாத காப்பகம் என்று எங்களுக்கு விருது கிடைத்தது. நடுவர்கள் ஒரு பதிவின் தொடக்கத்தைப் போட்டுவிட்டு, "இரைச்சலே இல்லையே!" என்று வியந்தார்கள். வேறு எதுவும் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. விருது வாங்க நிற்பவர் அதைத் தானாக எடுத்துச் சொல்வதும் நாகரிகம் இல்லை.

ஒரு காலத்தில் அலுவலகம் முழுக்க ஸ்பீக்கர்கள் இருந்தன. ஓர் அறையில் யாரோ பாடுவார்கள், அடுத்த அறையில் யாரோ சொற்பொழிவு ஆற்றுவார்கள். ஊழியர்கள் நிம்மதியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை. இயக்குநர் எல்லா ஸ்பீக்கர்களையும் அகற்ற ஆணையிட்டார். அப்படியானால் பதிவைச் சரிபார்ப்பது எப்படி? அதற்காக நான் உருவாக்கிய முறைதான் 'பார்வைவழிச் செவிமடுத்தல்'. தட்டு சுழலும்போது கம்ப்யூட்டர் திரையில் ஒரு பச்சைக் கோடு துள்ளும். துள்ளினால் சத்தம் பதிவாகிறது என்று பொருள். காதுக்கு வேலையே வைக்கவில்லை.

கோடு நன்றாகத்தான் துள்ளியது. நாங்கள் கலகலப்பாக இருக்கும் நாட்களில் இன்னும் உற்சாகமாகத் துள்ளியது. இயக்குநர் அறைக்குள் வந்தால் மட்டும் அப்படியே படுத்துவிடும். நாங்களும் அந்நேரம் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வோம்.

"மெஷினுக்கே மரியாதை தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அதைத் துடைப்பதற்கென்று புதுத் துணி வாங்கச் சொன்னார்.

கம்ப்யூட்டரில் ஏறிவிட்ட தட்டுகளை என்ன செய்வது என்பதற்கும் வழி கண்டோம். இசைத்தட்டைச் சூடாக்கினால் வளையும். ஒரு டப்பாவின் மேல் கவிழ்த்து அமுக்கினால், விளிம்பெல்லாம் பூவிதழ் போல நெளிந்த அழகான கிண்ணம் கிடைக்கும். எங்களைப் பார்க்க வரும் பெரிய மனிதர்களுக்கு அதுதான் நினைவுப் பரிசு. 'மறுபிறவித் திட்டம்' என்று பெயர் வைத்தோம். கூட்டங்களில் பிஸ்கட் வைக்க எங்களுக்கும் ஒன்று ஒதுக்கிக்கொண்டோம்.

இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்துகொண்டிருந்த நிறுவனத்துக்குள் ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்த கையோடு, மாட்டியிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். நாங்கள் கொடுத்தனுப்பிய பென் டிரைவை என் மேஜையில் வைத்தாள்.

"சார், இதுல ஒன்னுமே கேக்கலை."

"காதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காது நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க பேசறது கேக்குதே."

நான் அவளை உட்காரச் சொன்னேன். புகார் கொடுப்பவர்களை உட்கார வைத்தாலே பாதிப் புகார் குறையும் என்பது என் அனுபவம். இவளிடம் குறையவில்லை.

"எங்கம்மா ரேடியோல குழந்தைங்களுக்குக் கதை சொல்லிட்டிருந்தாங்க சார். நான் கைக்குழந்தையா இருக்கப்ப அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன். அப்போலேர்ந்து பேச முடியாது. அவங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இருந்தது ஒரே ஒரு ரெக்கார்டு. வீட்டுல போட்டுக் கேக்க மெஷின் இல்லை, இங்கேன்னா பத்திரமா இருக்கும்னு அம்மாவே கொண்டுவந்து குடுத்தாங்க."

"பதிவாயிருக்கும்மா. நானே கண்ணால பாத்தேன்."

"நான் காதால கேக்கணும் சார்."

அவள் கேட்டது நியாயமாக இருந்தபடியால் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று. தட்டின் உரிமையாளர் நேரில் வந்து வாய்மொழியாகப் புகார் தர வேண்டும் என்று ஒரு விதி கிடைத்தது. மறுநாளே அம்மாவை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த அம்மாள் கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருந்தார். கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தைத் தொடங்கினார்.

"புகாரை உங்க வாயாலயே சொல்லணும்மா. அதுதான் விதி."

"அம்மாவால பேச முடியாதுன்னுதானே சார் நாங்க வந்திருக்கோம்?" என்றாள் மகள்.

"அப்ப புகார் இல்லைன்னு எடுத்துக்கலாமா?" இயக்குநரின் குரலில் நம்பிக்கை பூத்தது.

அந்த அம்மாள் மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பிஸ்கட் கிண்ணம் துள்ளியது. இயக்குநர் அதை 'வாய்மொழி' என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்.

எல்லோரும் பதிவு அறைக்குப் போனோம். அங்கே எங்கள் தொழில்நுட்பர் இருந்தார். எப்போதும் கழுத்தில் வயர் சுருளை மாட்டிக்கொண்டு திரிவதால் அவருக்குக் 'கேபிள்' என்றே பெயர். அவர் முதலில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிறகு வயரை மாற்றினார். மாற்றிய வயரை அணைத்துப் போட முடியாததால் திரும்பவும் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டார்.

"வால்யூமைக் கூட்டிப் பாருய்யா" என்றார் இயக்குநர்.

"கூட்டியாச்சு சார். முன்னாடி சத்தமில்லாம இருந்துச்சு. இப்ப ரொம்பச் சத்தமில்லாம இருக்கு."

"தட்டை இன்னும் வேகமா சுத்தவிட்டா சத்தம் சீக்கிரம் வருமோ?"

என் பங்குக்கு, அந்தப் பதிவின் பெயரை மாற்றிப் பார்க்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். 'இறுதி' என்று இருந்ததை 'உண்மையான இறுதி' என்று மாற்றினோம். அதையும் போட்டுப் பார்த்தோம். திரையில் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போனது. அதன் ஒழுங்கை நான் பாராட்டினேன். மகள் என்னை முறைத்தாள்.

கடைசியில் கையில் கிடைத்த வேறொரு தட்டைச் சுழலவிட்டுப் பதிவு செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கேபிள் முள்ளை வைத்தார். நானும் இயக்குநரும் யார் மேல் தவறு என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! எங்க முறை எவ்வளவு துல்லியம்!" என்று நான் கத்தினேன். கோடு திரையின் உச்சியைத் தொட்டுத் திரும்பியது.

அந்த அம்மாள் கோட்டைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். பிறகு உதட்டின் மேல் விரலை வைத்து எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பேச முடியாத ஒருவர் எங்களைப் பேசாதே என்று சொன்னது அதுவே முதல் தடவை. அந்த அதிர்ச்சியில் அறையே அடங்கியது. தட்டு தன்பாட்டுக்குச் சுழன்றது. கோடு படுத்துவிட்டது.

"நான் இருக்கேன்ல, அதான்" என்று இயக்குநர் மெதுவாகச் சொன்னார். கோடு லேசாக எழுந்து படுத்தது.

அந்த அம்மாள் முள்ளைத் தூக்கித் தட்டை நிறுத்தினார். பிறகு கம்ப்யூட்டரின் விளிம்பில் இருந்த குண்டூசித் தலை அளவு ஓட்டையின் அருகே விரலால் சுண்டினார். கோடு துள்ளியது. மறுபடி சுண்டினார். மறுபடி துள்ளியது. கேபிளின் முகம் வெளிறிவிட்டது.

"சார்... இது பிளேயரைக் கேக்கவே இல்லை சார். தன்னோட சொந்த மைக்கைத்தான் கேட்டுட்டிருக்கு. வயரெல்லாம் சரியாத்தான் குத்தியிருக்கேன். ஆனா எதைக் கேக்கணும்னு கம்ப்யூட்டர்ல நாம தேர்ந்தெடுக்கவே இல்லை."

"எத்தனை நாளா?" என்றார் இயக்குநர்.

"ஆரம்பத்துலேர்ந்து சார்."

"அப்ப இத்தனை காலமா என்னய்யா பதிவாச்சு?"

"நாம சார்."

இயக்குநர் அசரவில்லை. நெருக்கடியில் நிதானம் இழக்காததால்தான் அவர் இயக்குநர். "அதனாலென்ன, இவங்க ரெக்கார்டை எடுத்துட்டு வா. இப்பவே திரும்ப ஏத்திடலாம்" என்றார்.

கேபிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கேபிள்தான் சொன்னார்: "அது கிண்ணமாயிடுச்சு சார்."

"என்ன ஆயிடுச்சு?" என்றாள் மகள்.

நான் மறுபிறவித் திட்டத்தை விரிவாக எடுத்துச் சொன்னேன். அவளுடைய அம்மாவின் குரல் வீணாகிவிடவில்லை என்றும், மதிப்புக்குரிய யாரோ ஒருவர் வீட்டில் சாவிக்கொத்தையோ எலுமிச்சம்பழத்தையோ தாங்கிக்கொண்டிருக்கும் என்றும் ஆறுதல் கூறினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. இவள் சும்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். நின்றுபோயிருந்த தட்டை மறுபடி சுழலவிட்டு, முள்ளை வைத்து, மகளின் தலையை முள்ளுக்கு அருகே குனிய வைத்தார்.

"அம்மா! கேக்குது! ரொம்ப சின்னதா யாரோ பாடறாங்க!"

கேபிள் ஓடிப்போய்க் காதை வைத்தார். "ஆமா சார், முள்ளு ஓடும்போது தானாவே கொஞ்சம் சத்தம் வரும். ஸ்பீக்கரே வேணாம். பக்கத்துல மைக் இருந்தா அதுலயும் விழுந்திருக்கும். சுத்திகரிப்பு செஞ்ச காப்பியிலதான் எல்லாம் அழிஞ்சுபோச்சு. சுத்தம் பண்ணாத மூலப் பதிவு உள்ளே இருக்கும் சார்!"

இருந்தது. ஆனால் கேட்க ஸ்பீக்கர் இல்லை. ஒலிக் காப்பகம் முழுக்கத் தேடி, கடைசியில் வாசல் காவலாளி விளையாட்டு வர்ணனை கேட்க வைத்திருந்த குட்டி ஸ்பீக்கரை வாங்கி வந்தோம். "ரெண்டாவது பாதி ஆரம்பிக்கறதுக்குள்ள குடுத்துடுங்க" என்று அவர் நிபந்தனை போட்டார்.

கேபிள் பதிவை ஓடவிட்டார். மகள் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் பிடித்துக் காதருகே வைத்துக்கொண்டாள். என் குரல் கம்பீரமாக வந்தது.

"...டைரக்டருக்கு என்னய்யா தெரியும்? அவருக்கு ரெக்கார்டுக்கும் தாம்பாளத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நான் ஒருத்தன் இல்லைன்னா இந்த ஆபீசே நடக்காது, தெரியுமா?"

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நான் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன். பதிவில் டம்ளரை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதன் பின்னால், நூல் போல மெலிந்து, ஆனால் எழுத்து எழுத்தாகத் தெளிவாக, ஒரு பெண் குரல் சொன்னது:

"...என்று பெருமையாகச் சொன்னதாம் கழுதை."

மகள் அப்போதுதான் அழுதாள். சத்தமே இல்லாமல், சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்குள் பதிவில் நான் டம்ளரை வைத்துவிட்டேன். என் மச்சினன் கட்டும் வீட்டைப் பற்றியும், அதில் மாடிப்படி வைத்த இடம் தப்பு என்பதைப் பற்றியும், என் முதுகுவலியைப் பற்றியும் விடாமல் பேசினேன். அந்த அம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. என் பேச்சுக்கு அடியில் அமுங்கிப்போன கதையை இங்கே உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த உதட்டைப் பார்த்தாள், காதை ஸ்பீக்கரில் வைத்துக் காத்திருந்தாள். மறுபடி ஒரு மிடறு டீ.

"காட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்..."

மறுபடி முதுகுவலி வந்தது. கதை முடியும்வரை அது விடவில்லை.

"சார் குரலை மட்டும் எடுத்துட முடியாதா?" என்று கேபிளிடம் கேட்டாள்.

"ரெண்டும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சும்மா. சாரை எடுத்தா அம்மாவும் சேர்ந்து போயிடுவாங்க."

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. அந்தப் பதிவைக் கட்டணமே இல்லாமல் அவளுக்குக் கொடுக்கும்படி உத்தரவிட்டேன். இவ்வளவு பெரிய மனதுக்கு ஒரு நன்றியாவது வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவள் பென் டிரைவைக் கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"சார், அன்னிக்கு நீங்க இன்னும் ஒரு டீ குடிச்சிருக்கலாம்."