பொழுது சாய்ந்ததா என்ற வழக்கு

காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

மதிப்பிற்குரிய சம்பந்தி தரணேந்திரன் அவர்களுக்கு, பார்சுவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவி கனகமாலாவும் நலம். அங்கு தாங்களும், தங்கள் வீட்டாரும், நேற்றுக் காலை பையை எடுத்துக்கொண்டு வந்தவாசி பஸ் ஏறிவிட்ட எங்கள் மருமகள் சம்யுக்தாவும் நலம்தானா? அவள் ஏதாவது சொன்னாளா? சொல்லியிருந்தால் முழுவதும் நம்ப வேண்டாம். சொல்லாவிட்டால் இதை மேலே படிக்கவே வேண்டாம்.

போன மாதம் தாங்கள் வந்திருந்தபோது, குடிமையியல் நடத்திய வாத்தியார் என்ற முறையில் எனக்கு ஒரு யோசனை சொன்னீர்கள். "சட்டம் போடறதும் சம்பந்தியம்மா, அமல்படுத்தறதும் அவங்க, தீர்ப்பு சொல்றதும் அவங்கன்னா எப்படிங்க? மூணாப் பிரிச்சிடுங்க. ஒருத்தரை ஒருத்தர் தட்டிக் கேக்கணும்" என்றீர்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

பொழுது சாய்ந்தபின் சமணர்களாகிய நம் வீடுகளில் சாப்பிடுவதில்லை என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்யுக்தா ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து வந்து இறங்குவதற்கும் சூரியன் இறங்குவதற்கும் தினமும் போட்டி. ஆகவே சட்டம் கனகமாலாவுக்கு, அடுப்பும் பரிமாறலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன் அர்ஹந்துக்கு, பொழுது சாய்ந்ததா இல்லையா என்ற தீர்ப்பு எனக்கு என்று பிரித்தோம். முதல் நாள் மாடியேறிப் பார்த்து, சூரியன் இன்னும் இருக்கிறது என்று தீர்ப்பளித்தேன். "தீர்ப்பு சொல்றவரே பசியோட நின்னுக்கினு இருக்காரு, இது செல்லாதுங்க" என்று கனகமாலா தள்ளிவிட்டாள். மறுநாள் மதியமே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நீதி வழங்கக் காத்திருந்தேன். அதற்குள் காலண்டரில் போட்ட நேரம்தான் அஸ்தமனம் என்று அவள் சட்டத்தையே திருத்திவிட்டாள். அது சென்னைக்குப் போட்ட நேரம், காஞ்சிபுரத்துக்கு இரண்டு நிமிஷம் கூட உண்டு என்று நான் அதை ரத்து செய்தேன். இதற்கிடையில் அர்ஹந்த் டிபன் பாக்ஸோடு பஸ் நிறுத்தத்துக்கே ஓட ஆரம்பித்தான். "எங்க பரிமாறணும்னு முடிவு பண்ண நீ யாருடா?" என்கிறாள் அவள். "அடுப்பு எங்கிட்ட இருக்குதும்மா" என்கிறான் அவன். எனக்கு ஒன்றும் புரியவில்லை சம்பந்தி. தட்டிக் கேட்பவரை யார் தட்டிக் கேட்பது?

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே மழை. சம்யுக்தா நனைந்தபடி வந்து உட்கார்ந்தாள். தட்டும் போட்டாகிவிட்டது. சாய்ந்துவிட்டது என்கிறாள் கனகமாலா, சாயவில்லை என்கிறான் அர்ஹந்த். மூவரும் என்னைப் பார்த்தார்கள். குடையோடு மாடிக்குப் போய் மேற்கே பார்த்தேன். சந்தேகத்துக்குக் கிழக்கேயும் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் தீர்ப்பை ஒத்திவைத்தேன். இறங்கி வந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சம்யுக்தா தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். பெண்ணைப் பட்டினி போட்ட வீடு என்று நினைத்து அவளை அங்கேயே நிறுத்திக்கொள்வீர்களோ என்று நேற்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. தயவுசெய்து அனுப்பிவையுங்கள். மூன்று அதிகாரத்தையும் அவளிடமே கொடுத்துவிடுகிறோம்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும். எல்லோரும் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடுங்கள்.

இப்படிக்கு, குழப்பத்துடன்,
பார்சுவநாதன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்ட கையோடு சம்யுக்தா போன் செய்தாள். "கோச்சுக்கினு யாரு மாமா போனது? அப்பாவைப் பாக்கத்தான் வந்தேன், அத்தைகிட்ட சொன்னேனே. நான் தினமும் அஞ்சு மணிக்கே கேன்டீன்ல சாப்ட்டுடறேன். உங்க எல்லாரோடயும் உக்காந்து ஒரு வாய் சாப்பிடலாம்னுதான் ஓடி வர்றது. வெள்ளிக்கிழமை பட்டினியாப் படுத்தது நானில்ல, நீங்கதான்" என்றாள். கனகமாலாவைக் கேட்டால், "மொத வாரமே எங்கிட்ட சொல்லிட்டா. உங்ககிட்ட அது வழக்கா வரலியே" என்கிறாள். இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்று இப்போது அவள் சட்டம் போட்டிருக்கிறாள். தபால்பெட்டி தன் பொறுப்பு என்று அர்ஹந்த் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறான். இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஒத்திவைத்திருக்கிறேன். இது தங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், என் தீர்ப்பு என்னவென்று ஒரு வரி எழுதித் தெரிவிக்கவும்.