மாதா கோயில் தெருப் பலகையை மூன்று முறை அளந்தவர்

பலகை மாட்டியது: 03.02.2025
பலகை மாட்ட அனுமதி கேட்டது: 17.02.2025
எதிர்வீட்டு ஆட்சேபம்: 24.02.2025
முதல் பார்வை: 12.03.2025, காலை 11 மணி. தெருவின் அகலம் 22 அடி 4 அங்குலம்
இரண்டாம் பார்வை: 09.04.2025, காலை 11 மணி. தெருவின் அகலம் 22 அடி 3½ அங்குலம்
மூன்றாம் பார்வை: 15.06.2025, காலை 11 மணி. தெருவின் அகலம் 22 அடி 4 அங்குலம்
பலகையின் நீளம், மூன்று முறையும்: 18 அடி. விதிப்படி: 10 அடி
கடைசிக் கடிதம் வந்தது:

அளப்பவர் என்றொரு இனம் உண்டு. நம் கொம்யூன் பஞ்சாயத்துகளில் தெருவுக்கு இரண்டு பேர் வீதம் இருக்கிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போனால் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் நாற்காலிகளை எண்ணுவார், துக்க வீட்டுக்குப் போனால் மாலையைப் போட்டுவிட்டு, "உயிர் எத்தினி மணிக்குப் போச்சு?" என்பார், "விடியக்காலம்" என்று மகன் அழுதுகொண்டே சொன்னால், "விடியக்காலம்னா? நாலரையா, அஞ்சே காலா?" என்று விடாமல் நிற்பார். கெட்டவரா? இல்லை. கை நீட்டுபவரா? ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். அதுதான் சங்கடமே. டீ குடிப்பவரிடமாவது பேசிப் பார்க்கலாம்.

பலராமன் இந்த இனத்தின் முதிர்ந்த மாதிரி. நில அளவையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். வீடுகளுக்கு அருகில் அளவுக்கு மீறிப் பலகை வைக்க யாராவது விலக்கு கேட்டால், இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத கொம்யூன் பஞ்சாயத்து அவரை அனுப்பும். பண்டசோழநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பஸ் பத்து நாற்பதுக்கு இறக்கிவிடும். பன்னிரண்டு பத்துக்குத் திரும்ப ஏற்றிக்கொள்ளும். ஒரு மணிக்கு அவருக்குச் சோறு. ஆகவே இந்தக் கொம்யூனில் எது நடந்தாலும் பதினோரு மணிக்கு நடந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு.

விஷயம் சின்னது. மாதா கோயில் தெருவில் சௌந்தரராஜன் மனை விற்கும் அலுவலகம் கட்டினார். நெற்றியில் பதினெட்டு அடிக்குப் பளபளவென்று ஸ்டீல் தகட்டில் பலகை. மாட்டிவிட்டுத்தான் மாட்டலாமா என்று கேட்டார். எதிர்வீட்டில் கிரேஸ் மேரி ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். காலையில் துணி வெட்டுவார். தையல் மதியத்துக்கு மேல்தான். இரண்டரை மணிக்கு வெயில் மேற்கே சாய்ந்ததும் அந்தத் தகட்டில் பட்டு நேரே அவர் முகத்தில் அடிக்கும். நாலரை வரைக்கும் ஊசி தெரியாது, நூல் தெரியாது. இரண்டு மாதத்தில் மூன்று கல்யாண ஜாக்கெட் கழுத்து கோணிப்போயிற்று. வாடிக்கைக்காரர்கள் சந்தைத் தெருப் பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

"இன்னாக்கா, வெளிச்சத்த ஃப்ரீயா குடுக்கறேன். உனுக்கு கரண்டு பில் மிச்சம்தான?" என்றார் சௌந்தரராஜன்.

"அப்ப நீ வந்து இங்க குந்தி ஒரு கொக்கி வைச்சிக் காட்டுப்பா. கூலி தரேன்" என்றார் கிரேஸ் மேரி.

முதல் பார்வைக்குப் பலராமன் வந்தபோது தெரு அமைதியாக இருந்தது. வெயில் அலுவலகத்துக்குப் பின்னால் நின்றது. பலகை நிழலில் சாதுவாகத் தொங்கியது.

"ஏம்மா, இந்த நுனியப் புடி. தொய்யாம புடி."

ஆட்சேபம் எழுதிய கையே அளவு நாடாவைப் பிடித்தது.

"சார், இப்ப ஒண்ணும் தெரியாது சார். மூணு மணிக்கு ஒரு வாட்டி வந்து பாருங்க."

"என்னாத்தப் பாக்கறது?"

"கண்ணு கூசுது சார்."

பலராமன் படிவத்தைப் புரட்டினார். நீளம் இருந்தது, அகலம், உயரம், தூரம் இருந்தது. கூச்சம் இல்லை. "எத்தினி அடின்னு சொல்லும்மா, எழுதிக்கறேன்" என்றார். கேலியே இல்லை, மனதாரக் கேட்டார். இரண்டாம் முறையும் அதே பஸ், அதே நாடா. அரை அங்குலம் குறைந்ததில் ஒரு வாரம் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

கிரேஸ் மேரி காத்துப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து மகள் ஆனி மேரி கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவின் பேனரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கட்டினார். ஆறடிக்கு நாலடி. வெள்ளைப் பக்கம் உள்ளே இருந்தால் அறை வெளுப்பாக இருக்கும் என்று படத்தைத் தெருப்பக்கம் திருப்பினார். கூச்சம் நின்றது. கழுத்துகள் நேராயின. போன வாடிக்கையில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

அந்த அரை அங்குலத்தைத் தீர்க்கப் பலராமன் மூன்றாம் முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தார். அலுவலகம் பூட்டியிருந்தது. கிரேஸ் மேரி குடும்பத்தோடு உறவுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தார். நாடாவின் நுனியில் பலராமன் ஒரு செங்கல்லை வைத்தார். நல்ல செங்கல். மூணு மணிக்கு வாங்க என்று அது சொல்லவில்லை. நிமிர்ந்தவர் ஜன்னலைப் பார்த்தார். வெள்ளைக் கவுனில் ஒரு சிறுமி, கையில் மெழுகுவத்தி, கீழே 'புதுநன்மை வாழ்த்துகள்'. எழுத்து இருந்தது. படம் இருந்தது. தெருவைப் பார்த்து இருந்தது. அப்படியானால் அது என்ன? உற்சாகமாக நாடாவை நீட்டினார்.

கொம்யூனிலிருந்து வந்த கடிதம் ஒன்றுதான், முடிவு இரண்டு. ஒன்று: மூன்று பார்வையிலும் கூச்சம் காணப்படவில்லை, மேலும் ஆட்சேபித்தவரின் ஜன்னல் மூடியே உள்ளது, ஆகவே அலுவலகப் பலகைக்கு விலக்கு தரப்படுகிறது. இரண்டு: குடியிருப்பில் அனுமதியின்றி வைத்த 24 சதுர அடி பலகையைக் கிரேஸ் மேரி ஏழு நாளில் அகற்ற வேண்டும், அல்லது விலக்கு கோரி மனுச் செய்ய வேண்டும்.

கிரேஸ் மேரி பலராமனுக்குப் போன் செய்தார். "அது எம் பொண்ணு படம் சார். வெயிலுக்குக் கட்னது. மனு போட்டா மறுபடி நீங்கதான் வருவீங்களா?"

"கண்டிப்பா வருவேம்மா. பதினோரு மணிக்கு."

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மேலே பட்டியலைப் படித்தபோது, பலகை ஏறிப் பதினாலு நாள் கழித்து அனுமதி கேட்டது முதலில் கண்ணில் பட்டதா, தெருவின் அகலம் அரை அங்குலம் மாறியதா? அந்தப் பெண் இனி எங்கே உட்கார்ந்து தைப்பார் என்று யோசித்தீர்களா, அல்லது பட்டியலின் கடைசி வரியில் தேதி விட்டுப்போனது இவ்வளவு நேரமும் உறுத்திக்கொண்டே இருந்ததா? உறுத்தியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், நாம் ஒரே இனம். எழுதிக்கொள்ளுங்கள்: 21.07.2025.