இறக்கத்தில் மட்டும் பிடிக்கும் பேய்

அன்று அந்த வளைவில் இருந்தவர்கள் இவர்கள்: செம்மநத்தம் பெரியநாயகத்தின் தம்பியான நான், அவர் மனைவியும் என் அண்ணியுமான ராசம்மாள், அவர்களுடைய ஒரே மகனான லாரி டிரைவர் பொன்னுவேல், காபி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த கூலிக்காரி காளியாயியும் அவளோடு சில பெண்களும், பிரேக்குச் சாமியார், அவரைக் கும்பிட வந்த கூட்டம். என் அண்ணன் அங்கே இல்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் இருந்தார் என்று சாமியார் சொன்னதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில், பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் திடீரென்று ஒரு சூலம் முளைத்தது. சூலத்துக்குப் பக்கத்தில் சாமியார் முளைத்தார். பிறகு தேங்காய்க் கடை, டீக்கடை. மழை பெய்த மலையில் காளான்கூட இவ்வளவு வேகமாக முளைப்பதில்லை.

பாரம் ஏற்றிய பழைய லாரி அந்த வளைவுக்கு வரும்போது சக்கரத்தில் புகை வரும். கருகிய நாற்றம் வரும். பிரேக்கை மிதித்தால் பிடிக்காது. டிரைவர் கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்துவான். சாமியார் எழுந்து வந்து, பிடித்திருப்பது யாருடைய ஆவி என்று சொல்வார். சேவல், சாராயம், தட்சிணை எல்லாம் வந்து சேரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பூசை. கடைசியில் சக்கரத்து நட்டுகளைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டுவார். வண்டி புறப்படும். பிரேக் பிடிக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒரு நிபந்தனை உண்டு. கயிறு அறுபடக் கூடாது. ஆகவே சக்கரத்தைக் கழற்றவே கூடாது. பட்டறைக்காரர் ஸ்பானரோடு கிட்டே வந்தாலே டிரைவர்கள் விரட்டினார்கள்.

இந்தப் பேய் மலை ஏறுகிற லாரியை ஒருநாளும் பிடித்ததில்லை. ஏற்றத்தில் அதற்கு மூச்சு வாங்கும் போலிருக்கிறது. காலி லாரியையும் பிடித்ததில்லை. காசில்லாதவனைப் பிடித்து என்ன பிரயோசனம்?

பொன்னுவேல் ஏற்கெனவே பல கயிறுகள் கட்டியிருந்தான். அதுவரை பிடித்ததெல்லாம் ஊர்பேர் தெரியாத ஆவிகள். அன்று நானும் அண்ணியும் அவன் லாரியில் இறங்கி வந்தபோது, அதே வளைவில் மறுபடியும் பிரேக் பிடிக்கவில்லை. சாமியார் கண்ணை மூடிக்கொண்டு என் குடும்பத்தின்மேல் கை வைத்தார்.

"பெரியநாயகம் வந்திருக்கறான். சாராயத்துக்கு ஏங்கிச் செத்தவன். ஒரு பாட்டில் வைக்காம மகனை உடமாட்டான்."

என் அண்ணன் காய்ச்சலில் படுத்து, கட்டிலில் இறந்தவர். சாராயக் கடை இருந்த தெருவில் நடக்காமல் சுற்றிப் போனவர். எங்கள் குடும்பத்தில் செத்தவர்கள் யாரும் லாரிச் சக்கரத்துக்குள் குடி போனதில்லை. நான் தடியை ஊன்றி எழுந்தேன். அண்ணி கை காட்டி நிறுத்தினார்.

"கொழுந்தனாரே, நீங்க இருங்க. எம் புருசனப் பத்தி நாம் பேசிக்கறேன்." சாமியாரிடம் திரும்பினார். "ஏனுங்க சாமி, பூச முடிய எத்தன நேரம் ஆகுமுங்க?"

"ஆவி எறங்க வேண்டாமா? அந்த வெளக்குல எண்ணெ தீர்ற வரைக்கும் ஆகும்."

"அத்தன நேரம் எதுக்குங்க? என்ற ஊட்டுக்காரரு கூப்புட்ட ஒடனே வர்ற மனுசன். இப்பவே சுருக்காக் கயித்தக் கட்டிப்போட்டு, நீங்களும் வண்டியில முன்னாடி ஏறி உக்காருங்க. அடுத்த வளைவு வரைக்கும் போலாம்."

சாமியார் புகைந்துகொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். தமக்கு இன்று மௌன விரதம் என்று வாய்விட்டுச் சொன்னார்.

"செரிங்க, அப்பப் பூசையே வேண்டாம். வெளக்கு மட்டும் எரியட்டும். அணையற வரைக்கும் எல்லாருஞ் சும்மா உக்காருவோம்."

பொன்னுவேல் அவர் கையைப் பிடித்தான். "அம்மா, பூச இல்லாம எடுத்தா நேராப் பள்ளந்தான்."

"தோசக்கல்லு காஞ்சு புகைஞ்சா பேயா ஓட்டுவாங்க கண்ணு? அடுப்ப அணைச்சா ஆறிரும். இது ஆறலீன்னா, உங்கப்பன் குடிகாரந்தான்னு இந்தக் கூட்டத்துக்கு முன்னால நானே ஒத்துக்கறேன்."

அண்ணனின் பேரும் அவர் மகனின் உயிரும் இப்போது ஓர் அகல் விளக்கின் எண்ணெயில் நின்றன. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். வேறு வழியில்லை.

பெண்கள் மூட்டையிலிருந்து இறங்கிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாமியார் விளக்கின் பக்கம் நகர்ந்து, இருமுவதுபோல் பலமாக ஊதினார். காளியாயி முந்தானையால் சுடரை மறைத்தாள்.

"சளிங்களா சாமி? நொம்ப நாளாவா? அந்தப் பக்கந் திரும்பி இருமுங்க."

புகை நின்றது. நாற்றம் போனது. விளக்கு தானாக அணைந்தது. பொன்னுவேல் மட்டும் ஏறினான். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தோம். லாரி உருண்டது. மிதித்தான். நின்றது. மறுபடி விட்டு மிதித்தான். மறுபடியும் நின்றது. மந்திரம் இல்லை, சேவல் இல்லை, என் அண்ணனும் இல்லை.

"ராசம்மாளப் பாத்துப் பேய் பயந்துபோச்சு" என்றார் கூட்டத்தில் ஒருவர். என் அண்ணன் உயிரோடு இருந்தபோது அப்படித்தான். அது குடும்ப விஷயம், இங்கே வேண்டாம்.

அண்ணி காளியாயியின் அரிவாளை வாங்கிக் கயிறுகளை அறுத்தார். லாரி முதல் கியரில் ஊர்ந்து அடிவாரப் பட்டறைக்கு இறங்கியது. நாங்களும் காளியாயியும் மற்றப் பெண்களும் பின்னால் பஸ்ஸில் போனோம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் பிடிக்க உரசும் லைனிங் பட்டை முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணிகள் சக்கரத்தின் டிரம்மைக் கீறியிருந்தன.

"பேய் இருக்குதுங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"இருக்குதுங்க. மலிவு லைனிங்கு" என்றார் பட்டறைக்கார ஐயாக்கண்ணு. "மலைக்கு ஓடற வண்டிக்குச் சூடு தாங்கற லைனிங்காப் பாத்துப் போடோணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது, ரெண்டு சக்கரத்துக்கும் ஒண்ணா மாத்தோணும். ஏறுன கியர்லயே எறங்கோணும். மிதிச்சுக்கிட்டே வந்தாக் காஞ்சு வழுக்கத்தாஞ் செய்யும். போன மாசமே கழட்டறேன்னு சொன்னனுங்க. தம்பிதான் கயிறு அறுந்துருமுன்னு எங் கையத் தட்டி உட்டுட்டாரு."

பொன்னுவேல் அந்தக் கீறலை விரலால் தடவினான். இத்தனை நாளும் அவன் லாரியின் மூட்டைமேல் உட்கார்ந்து வந்த காளியாயியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அவன் சாப்பிடவும் இல்லை. மறுநாள் எல்லாச் சக்கரங்களுக்கும் புது லைனிங் ஏறியது.

ஒரு வதந்தியை மறுக்க வேண்டும். சாமியார் அன்று மாலை ஜோதியாகிச் சேர்வராயன் கோயில் குகைக்குள் கலந்துவிட்டார் என்று வெள்ளக்கடை கிராமம் வரை பேசுகிறார்கள். பொய். நாங்கள் ஏறிய பஸ்ஸில்தான் அவரும் ஏறினார். டிக்கெட் வாங்கினார். ஏறுவதற்கு முன் டிரைவரிடம், "லைனிங் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விற்கிறவனே நம்பாத பேயை நீங்கள் எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.